பூனை மீசையில் நின்ற பட்டாளத்தார்

மூன்று டன் எடையுள்ள ராணுவ லாரி ஒன்று, குரங்கே கம்பு ஊன்றி ஏறுகிற சரிவில் இறங்கி வந்து, தூங்கிக்கொண்டிருந்த பூனை ஒன்றின் மீசையைத் தொட்டு நின்றது. பூனை கண் விழிக்கவில்லை. காதைக்கூட ஆட்டவில்லை. அந்த லாரிக்கு பிரேக் போட்டவன் நான்.

இதைக் கேட்டவுடன் எதையாவது கழித்துக்கொள்ள உங்களுக்குக் கை அரிக்கும். கழித்துக்கொள்ளுங்கள். எடையில் அரை டன் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்க மாட்டேன். குரங்கின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், போகட்டும். மீசையில் மட்டும் கை வைக்கக் கூடாது. மீசைக்கு சாட்சி இருக்கிறது. அதுவும், என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் அதற்குப் பதிலாகக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிற சாட்சி.

என் மச்சான்தான் அவர். என் வீட்டுக்காரிக்கு அண்ணன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பஸ் டெப்போவின் பிரேக் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கை பட்ட பஸ்ஸில் டிரைவர் வீட்டு ஞாபகம் வந்து ஒரு பெருமூச்சு விட்டாலே போதும், வண்டி நின்றுவிடும். பயணிகள் முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டு திட்டுவார்கள். அவர் நிலம் அளந்தார், நான் கதை அளந்தேன். இரண்டு அளவும் ஒரே குடும்பத்தில் ஒத்துப்போகுமா?

போகவில்லை. மச்சானின் ஓய்வு விழாவில் நாலு வார்த்தை பேசச் சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை கையில் தீப்பெட்டியைக் கொடுத்த மாதிரி. மச்சான் காலையில் பல் துலக்கும்போது பிரஷ்ஷில் வைக்கிற பற்பசையை ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார் என்று சொன்னேன். கூட்டம் உருண்டு புரண்டது. அவருடைய மேலதிகாரி சிரித்துச் சிரித்துப் புரையேறி, இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நான் பேசியதில் அது ஒன்றுதான் நிஜம். என் கண்ணால் பார்த்தது. பொய்யாக இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார்.

"இந்த ஆள் வாயிலேர்ந்து எப்ப ஒரு நிஜம் வருதோ, அன்னிக்கு நான் பேசறேன்," என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர்தான். இரண்டு வருடம். அவர் வீட்டுக்குப் போனால் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் அவர், தங்கையைப் பார்த்து. உப்பு என் மூக்குக்குக் கீழே இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் பட்டாளத்தார் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றார்.

பட்டாளத்தார் என்றால் ஆள் இல்லை, லாரி. ஏதோ ஒரு போருக்காகச் செய்து, போர் ஓய்ந்ததும் ஏலத்துக்கு வந்து, என் மாமனார் கைக்குச் சேர்ந்தது. தொட்டியை ஏற்றி ஊர் முழுக்கத் தண்ணீர் சுமந்தது. கதவு கிடையாது. முன்கண்ணாடியை மடக்கி பானெட்டின் மேல் படுக்க வைத்துவிடலாம். மாமனார் தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதில்தான் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். பையன் ஸ்டியரிங்கின் விட்டத்தை அளந்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். பெண் ஓட்டினாள். கால் எட்டவில்லை என்று பெடல் மேல் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டினாள். மாமனார் போன பிறகு லாரி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் படுத்தது. எலிகள் அதில் பேரன் பேத்தி எடுத்தன.

இப்போது மச்சான் அந்த வீட்டை ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிறார். மாதக் கடைசிக்குள் கொட்டகை காலியாக வேண்டும். சிக்கல் என்னவென்றால் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கீழே இறங்க ஒரே ஒரு சந்து. இரண்டு குண்டு மனிதர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் மறுபடி பிறந்துதான் வர வேண்டும், அவ்வளவு குறுகல். சந்தின் அடியில் நேர் எதிரே ஒரு பேக்கரி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. இழுவை வண்டி மேலே ஏறாது. பட்டாளத்தார் தன் காலில்தான் இறங்கியாக வேண்டும். அவருடைய பிரேக் பெடலோ, தொட்டால் தரையோடு போய் ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்க மறுநாள் ஆகும். முழுதாக இறக்க முடியவில்லை என்றால் பழைய இரும்புக்காரர் காஸ் கட்டரோடு வந்து துண்டு போட்டுக் கூடையில் இறக்குவார். அந்த மனுஷன் கட்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பேக்கரி வாசலில் நிறுத்திவிட்டு, டீ குடித்தபடி காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"முழுசா இறங்காது, பாப்பா," என்றார் மச்சான். என் மனைவி அறுபதை நெருங்குகிறாள். அவருக்கு இன்னும் பாப்பாதான். "சரிவை அளந்து பார்த்துட்டேன். கூடையிலதான் இறங்கும்."

"அப்பா வண்டிய வெட்ட விடமாட்டேண்ணா. நானே ஓட்டிக்கிட்டு இறங்கி எங்க வீட்டு வாசல்ல நிறுத்திக்கறேன். உங்க மாப்பிள்ளை பிரேக் போட்டுத் தருவாரு."

"அவர் பிரேக்கை நம்பி உன்னை உக்கார வைக்கறதா? அப்ப பாதி பிரேக் நான் போடறேன்னு சொல்லு."

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் பாதி பிரேக் போடறாராம்."

"பிரேக்ல பாதின்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லு."

"கிடையாதாம்ணா."

"நாலு சக்கரத்துல பாதி ரெண்டுன்னு சொல்லு."

கணக்கில் அவரை யார் வெல்வது? மறுநாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது தரையில், லாரியின் அடிவயிற்றுக்குக் கீழே, தலையிலிருந்து வால் வரை ஒரு சுண்ணாம்புக் கோடு. இரண்டு நாட்டு எல்லைகூட அவ்வளவு நேராக இருக்காது. இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் எனக்கு, வலது பக்கம் அவருக்கு. இரண்டு ஜாக்கி, இரண்டு விளக்கு, இரண்டு பழந்துணி மூட்டை. டீ மட்டும் ஒரே கெட்டிலில் வந்தது. அதையும் என் மனைவி கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போவாள்.

வேலை சாதாரண வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்றி, நடுக்குடமான ஹப்பை இழுத்தால், உள்ளே இருந்த கிரீஸ் கருங்கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது. உளியால் செதுக்கினேன். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் அதில் ஒரு சிலையே வடித்திருப்பேன். ஆக்ஸிலின் நுனியில் இருக்கும் ஆயில் சீல் காய்ந்து அப்பளமாக உடைந்தது. அது உடைந்த வழியாகத்தான் ஆக்ஸில் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போய், டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டையான பிரேக் லைனிங்கை ஊறுகாய் போட்டு வைத்திருந்தது. எண்ணெயில் ஊறிய பிரேக் எதைப் பிடிக்கும்? வழுக்குமரம்தான். ஆக்ஸில் தண்டை உருவி எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். ஒரு வளைவு இல்லை, ஒரு கீறல் இல்லை. கிழவருக்கு மேல்தோல்தான் சுருங்கியிருந்தது, எலும்பு இருபது வயது எலும்பு. புது சீல், புது பேரிங், தேன் நிறத்தில் புது கிரீஸ். டிரம்களை லேத்தில் கொடுத்து உள்பக்கம் கடைந்து வாங்கினோம்.

அடுத்தது பிரேக் ஷூ. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பிறை வடிவில் இரண்டு ஷூ எதிரும் புதிருமாக இருக்கும், எங்கள் இரண்டு பேரையும் போல. அதன் முதுகில் லைனிங்கை ரிவிட் அடிக்க வேண்டும். பட்டாளத்தாருக்கு லைனிங் இரண்டு அளவில் உண்டு, ஒன்று நீளம், ஒன்று குட்டை. வண்டி முன்னால் போகும்போது முன்பக்க ஷூவுக்குத்தான் பாரம் அதிகம். அதனால் நீளமானது வண்டியின் முகத்தைப் பார்த்து, குட்டையானது வாலைப் பார்த்து. இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மச்சானுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்பதானால் மனைவியைக் கூப்பிட வேண்டும், அவள் மாடியில் இருந்தாள்.

எல்லாம் மாட்டிய பிறகு பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றும் வேலை. டெப்போவில் ஏர் எடுப்பது என்போம். குழாயில் எண்ணெய் மட்டும் இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்கும், ஒரு கொட்டாவி அளவு காற்று புகுந்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் படுத்து, குழாய் நுனியில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்று கொப்பளித்து வந்ததும் மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். ஒரு கண் சிமிட்டும் நேரம் முன்னால் எடுத்தால் போன காற்று அத்தனையும் திரும்ப வந்துவிடும், கூட உறவினர்களையும் கூட்டிக்கொண்டு. உலகத்திலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டே ஆக வேண்டிய வேலை இதுதான்.

மச்சான் பெடலில். நான் சக்கரத்தில். நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், தூதராக என் மனைவி.

"அமுக்கச் சொல்லு," என்றேன் லாரிக்கு அடியிலிருந்து.

"அண்ணா, அமுக்கச் சொல்றாரு."

"அமுக்கியாச்சுன்னு சொல்லு."

"அமுக்கியாச்சாம்."

திறந்தேன். காற்று புர்ரென்று வந்தது. மூடினேன். "மூடியாச்சு, விடச் சொல்லு."

"இருங்க, அடுப்புல பால் வெச்சேனா இல்லையா? ஆமா, இறக்கிட்டேன். அண்ணா, மூடிட்டாராம்."

"நான் அப்பவே விட்டுட்டேனே. எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்கறது? கால் மரத்துப் போச்சுன்னு சொல்லு."

"கால் மரத்துப் போச்சாம்."

"யார் கால்னு கேளு. அவர் காலா, லாரி காலா?"

"அண்ணா, யார் கால்னு..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. பதில் கிடையாதுன்னு சொல்லு."

காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரைக்கும் போனது. எங்களிடமிருந்து வெளியேறிய காற்றில் ஒரு பாய்மரக் கப்பலை ஓட்டியிருக்கலாம். பிரேக் ஆயில் பாட்டில் பாட்டிலாகக் காலியாகியும் பெடல் பஞ்சாகவே இருந்தது. நாலு தரம் மிதித்தால் ஐந்தாவது தரம் போனால் போகிறதென்று பிடித்தது.

"முற்றத்துல ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துடலாம்," என்று என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். என்ஜின் ஒரு சின்ன இருமலோடு கிளம்பியது. என்ஜின் என்றைக்குமே ஆரோக்கியம்தான், மச்சான் வாரம் தவறாமல் அதை ஓட்டி அணைத்து வைத்திருந்தார். நடக்கிற வேகத்தில் வந்து பிரேக்கை நாலைந்து தரம் மிதித்தாள். பட்டாளத்தார் நின்றார். ஆனால் நேராக நிற்கவில்லை. இடது பக்கமாக ஒரே வெட்டு வெட்டி, துணி உலர்த்தும் கயிற்றுக்குள் புகுந்து, இரண்டு படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, ஒரு ஹெட்லைட்டில் மச்சானின் பனியனையும் மாட்டிக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம் யார் வேலைன்னு கேளு," என்றார் மச்சான்.

"இடது பக்கம் பிடிக்குது. வலது பக்கம் பிடிக்கல. பிடிக்காததுதான் தப்புன்னு சொல்லு."

"அளவுக்கு மீறிப் பிடிக்கறதும் தப்புதான்னு சொல்லு. எல்லாத்தையும் அளவுக்கு மீறியே செஞ்சு பழக்கம்னு சொல்லு."

என் மனைவி என்ஜினை அணைத்தாள். தலையில் விழுந்திருந்த விரிப்பை எடுத்து மடித்து சீட்டில் வைத்தாள். அவள் நிதானமாகத் துணி மடித்தால் எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரமே பயப்படும்.

"நாளைக்குக் காலையில நான் இந்த வண்டிய இறக்கறேன்," என்றாள். "பிரேக் இருந்தாலும் இறக்குவேன், இல்லாட்டியும் இறக்குவேன். அது உங்க ரெண்டு பேர் பாடு. இனிமே யாரும் எங்கிட்ட எதையும் சொல்லச் சொல்லக் கூடாது. அப்பா இருந்திருந்தா ரெண்டு பேரையும் இதே கயித்துல காயப் போட்டிருப்பாரு."

உள்ளே போனாள். சமையலறைக் கதவு சாத்தப்பட்டது.

அவள் சொன்னால் செய்வாள். முப்பத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு மிகைப்படுத்த எதுவும் இல்லை. அந்தச் சந்தும், அந்தக் கண்ணாடியும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவளும் என் கண்ணுக்குள் வந்தார்கள். மச்சானைப் பார்த்தேன். அவர் ஹெட்லைட்டிலிருந்து பனியனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்குள்ளும் அதே சந்துதான் ஓடியிருக்க வேண்டும். அளந்து வைத்திருந்தவர் ஆயிற்றே.

லாரியை மறுபடி கொட்டகைக்குள் தள்ளினோம். தள்ளுவதற்குப் பேச்சு வேண்டாம். ஜாக்கி போட்டேன், அதுவும் அவர் பக்கத்தில். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். படையெடுப்புதான். அவர் ஆட்சேபிக்கவில்லை, விளக்கைத் தூக்கிப் பிடித்தார். வலது முன்சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினேன்.

உள்ளே பார்த்தவுடன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வேலை அவ்வளவு அழகு. ரிவிட் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி. டெப்போவில் என்னிடம் வேலை பழகியவர்களில் ஒருவர்கூட அப்படி அடித்ததில்லை. ஆனால் நீளமான லைனிங் வண்டியின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டை முன்னால் நின்றது. பாரம் முழுக்க பாவம் அந்தக் குட்டையின் தலையில்.

"என்ன?" என்றார் மச்சான்.

இரண்டு வருடத்தில் எனக்கென்று வந்த முதல் சொல். நேரே, இடையில் யாரும் இல்லாமல். ஒரே ஒரு சொல்தான், இருந்தாலும் எனக்கு.

"நீளம் பின்னால வந்திருக்கு, மச்சான். முன்னால வரணும்."

"வராதே. உங்க பக்கத்துல இருக்கற மாதிரிதான் வெச்சேன். நீங்க சாப்பிடப் போன நேரத்துல டிரம்மைக் கழட்டி, ஒவ்வொண்ணா அளந்து, இடது கைப் பக்கம் எது, வலது கைப் பக்கம் எதுன்னு பார்த்து, அப்படியே இந்தப் பக்கம் வெச்சேன். ஒரு நூல் பிசகல."

எனக்குப் புரிந்தது. என் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் வண்டியின் முகம் இடது கைப் பக்கம். அவர் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் வலது கைப் பக்கம். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்க வேண்டியதை, மனுஷன் நூல் பிசகாமல் அப்படியே பெயர்த்து வைத்துவிட்டார். இந்தத் தப்பை அரைகுறையாக வேலை செய்கிறவன் செய்யவே முடியாது. இவ்வளவு துல்லியமாக அளக்கிறவர்தான் செய்ய முடியும்.

ஆனால் என்னை உட்கார வைத்தது அது இல்லை. நான் சொல்கிற ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவர், தன் தங்கை உட்காரப்போகிற வண்டிக்கு என் வேலையைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு மெக்கானிக்கைக் கேட்கவில்லை.

நீங்கள் நினைக்கிற மாதிரி நான் சும்மா இருந்துவிடவில்லை. "அளவு சரி மச்சான், திசைதான் தப்பு," என்றேன். "நீங்க அளந்த நிலமெல்லாம் இப்ப எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கோ."

அவர் முகம் கோணியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு வெளியே வர வழி தெரியாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் மாட்டிய காற்று மாதிரி, அதுவும் ஒரு ஏர் லாக்தான்.

"ஸ்கேல்னு சொன்னீங்களே," என்றார் மெதுவாக. "எப்படிப் பார்த்தீங்க? நான் குளியலறைக் கதவைத் தாழ் போட்டிருந்தேனே."

"ஜன்னல்."

"ஜன்னல் ஆறு அடி உயரமாச்சே."

"வாளி மேல ஏறினேன்."

"ஒரு மனுஷன் பல் தேய்க்கறதைப் பார்க்க வாளி மேல ஏறின ஆளை நான் என்னன்னு சொல்ல?"

"மாப்பிள்ளைன்னு சொல்லுங்க. இரண்டு வருஷமாச்சு."

சொன்னார். ஷூவைத் திருப்பி மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "ஸ்பேனரை எடுங்க மாப்ள," என்றார்.

வலது பின்சக்கரத்திலும் அதே கதை, அதையும் திருப்பினோம். பிறகு ஏர் எடுத்தோம். "அமுக்குங்க!" "அமுக்கிட்டேன்!" "பிடிங்க, பிடிங்க!" "பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், கத்தாதீங்க!" "மூடியாச்சு, விடுங்க!" கடைசிச் சக்கரத்தில் குழாயிலிருந்து ஒரு குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தது. மச்சான் பெடலை மிதித்தார். கால் ஒரு விரற்கடை இறங்கி நின்றது. அதற்குக் கீழே பாறை.

"மாப்ள," என்றார் மேலேயிருந்து, பயந்த குரலில், "இது அசைய மாட்டேங்குதே. உடைஞ்சு போச்சா?"

"இல்ல மச்சான். இதுக்குப் பேருதான் பிரேக்."

சமையலறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று தெரியாது. கோட்டின் மேல் டீ இருந்தது. கோடுதான் எங்கள் முதுகு புரண்டு புரண்டு அழிந்துபோயிருந்தது.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு பட்டாளத்தார் வாசலுக்கு வந்தார். முன்கண்ணாடியை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு என் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏறுங்க," என்றாள் என்னிடம்.

"நானா? நான் கீழேயிருந்து கவனிச்சா..."

"பிரேக் போட்டவர் பக்கத்துல உக்காரணும். அதுதான் உத்தரவாதம்."

ஏறினேன். மச்சான், அவசரத்துக்குச் சக்கரத்துக்கு அடியில் போட, மரக்கட்டை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், பின்பக்கமாக. எங்களைப் பார்த்தபடியே, ஒரு பார்வை காலடியில், ஒரு பார்வை தங்கையின் முகத்தில்.

அந்தச் சரிவைப் பற்றி என்ன சொல்ல? பானெட்டுக்கு மேலே வானம் தெரியவில்லை, நேரே பூமிக்குள் இறங்குகிற மாதிரிதான் இருந்தது. அவள் சின்ன கியரில் இறக்கினாள். காலை வைப்பாள், கிழவர் முழங்கால் மடக்குகிற மாதிரி பணிவார். எடுப்பாள், நகர்வார். இடமும் இல்லை, வலமும் இல்லை, தூக்குக்குண்டு கட்டிய நூல் மாதிரி நேராக. இரண்டு பக்கச் சுவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கட்டெறும்பு போகலாம், இலை சுமக்காமல் இருந்தால்.

சந்தின் அடியில்தான் கண்டம். அங்கே திரும்ப வேண்டுமானால் மூக்கை பேக்கரிக் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் எடுத்து, அப்புறம்தான் வளைக்க முடியும். வாசலில் ரொட்டிப் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லியிருந்தோம். பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் எடுத்திருந்தார், ஒரே ஓர் அடுக்கைத் தவிர. அதன் உச்சியில், சரியாக பம்பர் உயரத்தில், சாம்பல் நிறப் பூனை ஒன்று உலகத்தை மறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பினா கடிக்கும் சார்!" என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். அடுப்பில் ரொட்டி, வெளியே வர முடியாது.

மச்சான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார். "வா பாப்பா... வா... வா..." பட்டாளத்தார் வந்தார். பேக்கரிக் கண்ணாடியில், பட்டாளத்தாரையும் சேர்த்து எங்கள் மூன்று பேரின் முகமும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மச்சான் "நில்லு" சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டு, கையைத் தூக்கியபடி, அப்படியே உறைந்துவிட்டார்.

நான் பாதி உடம்பை வெளியே நீட்டி பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பர் பூனையை நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

அவள் காலை வைத்தாள்.

சத்தமே இல்லை. ஒரு கிறீச் இல்லை. மூன்று டன் இரும்பு, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி நின்றது. பூனையின் மீசை பம்பரில் பட்டு வளைந்திருந்தது. பூனை தூங்கியது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூன்றாவது கண் இருந்தால் அதையும் திறந்திருப்பேன்.

மச்சான் பூனைப் பக்கம் குனியவே இல்லை, கண் இன்னும் தங்கையிடம்தான். அடுத்த நொடி அவள் ரிவர்ஸ் போட்டு வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்துவிட்டாள். அப்போதுதான் பழைய இரும்புக்காரர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரரும் கையில் மாவோடு ஓடி வந்தார்.

"மீசையிலே நிறுத்தினா!" என்று குதித்து இறங்கினேன். "பூனை மீசையிலே!"

இரும்புக்காரர் சந்தையும் லாரியையும் தன் கட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இறங்கினது இறங்கிடுச்சு, நல்ல வேலைதான் பெரியவரே. அதுக்காக எங்க காதுல பூ சுத்தாதீங்க. ஒரு முழம் இடைவெளி இருக்கே, தெரியுதே."

"அது இப்ப! முன்னால..."

"அக்கா, நீங்க சொல்லுங்க."

"நான் பேக்கரிக் கண்ணாடியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் என் மனைவி. அவள் முகம், கால் எட்டாமல் கட்டை கட்டி ஓட்டிய அந்தப் பெண்ணின் முகமாக இருந்தது. "பூனைய யார் பார்த்தா?"

"அப்ப சார் சொல்லட்டும்," என்று இரும்புக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். "சார் அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டாரு, ஊருக்கே தெரியும். சார், மீசையில பட்டுச்சாமே? உங்க மாப்பிள்ளை சொல்றாரு."

மச்சான் தோளிலிருந்து மரக்கட்டையை இறக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மீசை பூராவும் படல," என்றார்.

இரும்புக்காரர் சிரித்தே விட்டார். என் காது இரண்டும் சுட்டது.

"இடது பக்கத்துல மூணு," என்றார் மச்சான். "குனிஞ்சு பார்த்தேன். மூணு மீசை பட்டு, வளைஞ்சு நின்னுச்சு. எங்க மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான்."